இரண்டு மூலக்கூறு ஆழமுள்ள கடல்

கிளாப்பம், லண்டன்

தெற்கு லண்டனில் கிளாப்பம் காமன் என்று ஒரு பெரிய புல்வெளி. அதற்குள் மவுண்ட் பாண்ட் என்ற குளம். நான் போனது ஏப்ரல் மாதத்து முற்பகலில். வெயில் அடித்தது, ஆனால் அதில் சூடு இல்லை. கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர், நான் வெகுநேரமாகத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்து, இங்கே எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒருவர் ஊற்றிய எண்ணெயைப் பற்றிச் சொன்னேன். "பிராங்க்ளின்" என்றார் உடனே. இந்தக் குளம்தான் அது என்பது உள்ளூர்க்காரர்களின் நம்பிக்கை.

1757-இல் ஒரு கடற்பயணத்தில், கூட்டமாகப் போன கப்பல்களில் இரண்டின் பின்னால் மட்டும் அலை அடங்கிக் கிடப்பதை பெஞ்சமின் பிராங்க்ளின் பார்த்தார். சமையல்காரர்கள் எண்ணெய்ப் பிசுக்குத் தண்ணீரைக் கொட்டியிருப்பார்கள் என்றார் கப்பல் தலைவர். அந்தப் பதில் பிராங்க்ளினை விடவில்லை. பிற்பாடு லண்டனில் இருந்த காலத்தில், தன் மூங்கில் கைத்தடியின் மேல் கணுவுக்குள் எண்ணெய் நிரப்பிக்கொண்டு போய், குளம் கண்ட இடத்திலெல்லாம் ஊற்றிப் பார்த்தார். காற்று வீசிய ஒரு நாளில் கிளாப்பமில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் அரை ஏக்கர் தண்ணீரை அலையில்லாமல் ஆக்கியது. 1774-இல் ராயல் சொசைட்டியின் இதழில் இதை எழுதினார்.

தேக்கரண்டி என்றால் 5 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அரை ஏக்கர் ஏறக்குறைய 2,000 சதுர மீட்டர். வகுத்தால் இரண்டரை நானோமீட்டர். அதாவது படலம் ஒரே ஒரு மூலக்கூறு தடிமன்வரை மெலிந்திருக்கிறது. பிராங்க்ளின் இந்த வகுத்தலைப் போடவில்லை. 1890-இல்தான் ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு அதை அளந்தார். தண்ணீரில் போட்ட கற்பூரத் துண்டு சுழன்று ஓடுமே, அந்த ஓட்டத்தை நிறுத்த எவ்வளவு எண்ணெய் போதும் என்று பார்த்தார். 2 நானோமீட்டருக்கும் குறைவான படலமே போதுமானதாக இருந்தது.

எங்கள் ஊர்த் தெப்பக்குளத்தில் அகல் விளக்கு கவிழ்ந்த இடத்தில் எண்ணெய் வானவில் நிறத்தில் விரியும். சின்ன வயதில் அந்த நிறத்துக்காகவே படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். நிறம் தெரிகிறதென்றால் படலம் இன்னும் சில நூறு நானோமீட்டர் கனமாக இருக்கிறது என்று பொருள். அது மேலும் மெலியும்போது நிறம் அழிகிறது, கண்ணுக்கு வெறும் தண்ணீர்தான். நான் பார்க்கப் புறப்பட்டது அந்தக் கண்ணுக்குத் தெரியாத படலத்தை.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் மூடியிருக்கும் சவ்வு இப்படிப்பட்ட இரண்டு படலங்கள் சேர்ந்தது. மொத்தத் தடிமன் 4, 5 நானோமீட்டர். அதற்குள்ளே ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் மிதக்கின்றன. உப்பை உள்ளே விடுவதும் சர்க்கரையை எடுப்பதும், வெளியிலிருந்து வரும் சேதியை உள்ளே சொல்வதும் அவைதான். உயிருக்கும் உயிரற்றதற்கும் நடுவில் நிற்கிற இந்தச் சுவர் ஒரு திரவம். கல்லூரியில் இயற்பியல் வகுப்பில் ஸ்டோக்ஸ் விதியை நடத்திய காலமெல்லாம், அந்த விதி தோற்றுப்போகும் இந்த இடத்தைப் பாடத்திட்டம் தொட்டதே இல்லை. என் பழைய மாணவி ஒருத்தி கோட்டிங்கனில் இதே துறையில் ஆய்வு செய்கிறாள். "வாங்க மேம், காட்டுறேன்" என்று அவள் அழைத்ததும், போகும் வழியில் இந்த அறிவு பிறந்த ஊர்களையும் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

லைடன்

கடலுக்கு அடியில் புகுந்து வந்த ரயில் நெதர்லாந்துக்குள் நுழைந்ததும் நிலம் மட்டமாகிவிட்டது. வாய்க்கால் நீர் பக்கத்து வயலைவிட உயரத்தில் ஓடுகிறது. லைடனை நெருங்கும்போது துலிப் வயல்கள் வந்தன. சிவப்புப் பட்டை, மஞ்சள் பட்டை, ஊதாப் பட்டை என்று பாத்தி பாத்தியாக, ஒரு பாத்தியில் இன்னொரு நிறம் கலக்காமல்.

லைடனில் சுவர்களைப் படித்துக்கொண்டே நடக்கலாம். பல மொழிக் கவிதைகளை வீட்டுச் சுவர்களில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். கூடவே இயற்பியல் சமன்பாடுகளும் உண்டு. வாய்க்கால் ஓரத்து வீட்டில் ஸ்நெல் விதியும் அருங்காட்சியகச் சுவரில் ஐன்ஸ்டீனின் சமன்பாடும் இருந்தன. ஓர் ஊர் தன் ஆசிரியர்களை இப்படிக் கொண்டாடுவதைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

நான் தேடி வந்த ஆசிரியர் எவர்ட் கோர்ட்டர், குழந்தை மருத்துவர். 1925-இல் கிரென்டெல் என்பவரோடு சேர்ந்து ரத்தச் சிவப்பணுக்களை எடுத்துக்கொண்டார். மனிதன், நாய், ஆடு, செம்மறி, முயல், கினிப்பன்றி என்று பல உயிர்களின் ரத்தம். பாலூட்டிகளின் சிவப்பணுவில் உட்கரு இல்லை, உள்ளறைகள் இல்லை. ஆகவே அதிலிருக்கும் கொழுப்பு முழுவதும் வெளிச்சவ்வில் இருப்பதாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கொழுப்பை அசிட்டோன் கொண்டு பிரித்து, தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒற்றைப் படலமாகப் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் மேற்பரப்பைக் கூட்டியதைப் போல அது இரண்டு பங்கு வந்தது. சவ்வு இரண்டு அடுக்கு என்று மனிதகுலத்துக்குத் தெரிந்தது அப்படித்தான்.

நாற்பது ஆண்டுகள் கழித்து மற்றவர்கள் அதே அளவீட்டைச் சரிபார்த்தார்கள். அசிட்டோன் எல்லாக் கொழுப்பையும் இழுத்துக்கொண்டு வரவில்லை. இன்னொரு பக்கம், உலர்ந்த அணுவை அளந்ததால் மேற்பரப்பும் குறைவாகக் கணக்காகியிருந்தது. இரண்டு குறைகளும் ஒன்றையொன்று ஈடுகட்ட, விடை சரியாக வந்துவிட்டது. இதை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உட்கரு இல்லாத அணுவைத் தேர்ந்தெடுத்ததில்தான் அவர்களுடைய மேதைமை இருக்கிறது. அந்தத் தேர்வு தவறாகியிருந்தால் எவ்வளவு துல்லியமாக அளந்தும் பயனிருந்திருக்காது.

மதியம் பசித்தது. பச்சை ஹெர்ரிங் மீனை வெங்காயத்தோடு வாலைப் பிடித்துத் தூக்கி வாயில் போட்டுக்கொள்ளும் வழக்கம் எனக்குக் கைவரவில்லை. சந்து ஒன்றில் சுரினாம் உணவகம் இருந்தது. மடித்த ரொட்டி, உருளைக்கிழங்கு மசாலா, நறுக்காமல் நீளமாகவே வதக்கிய காராமணிக்காய், அவித்த முட்டை. பரிமாறிய அம்மாவின் முன்னோர்கள் கரும்புத் தோட்ட வேலைக்காகக் கல்கத்தாவிலிருந்து கப்பல் ஏறியவர்கள். முதல் கப்பல் லல்லா ரூக் 1873-இல் சுரினாம் போய்ச் சேர்ந்தது என்று வருஷத்தோடு சொன்னார். நான் கையால் பிட்டுச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னொரு கரண்டி காராமணிக்காய் வைத்தார்.

பிரவுன்ஷ்வைக்

ஜெர்மனிக்குள் நிலம் மெல்ல மேடு பள்ளமாகத் தொடங்கியது. கடுகு நிறத்தில் ரேப் பூ வயல்கள், அவற்றின் நடுவே காற்றாலைகள். பிரவுன்ஷ்வைக் பெரிய சுற்றுலா ஊர் இல்லை. கணிதமேதை காவுஸ் பிறந்த ஊர் என்று சிலருக்குத் தெரியும். நான் போனது ஆக்னஸ் பாக்கெல்ஸுக்காக.

1862-இல் பிறந்தவர். பெண்கள் உயர்நிலைப் பள்ளியோடு படிப்பு நின்றது. அன்றைக்குப் பல்கலைக்கழகக் கதவு பெண்களுக்குத் திறக்கவில்லை. நோயாளிகளான பெற்றோரைக் கவனித்துக்கொண்டு வீட்டோடு இருந்தார். தம்பி பிரீட்ரிக் கோட்டிங்கனில் இயற்பியல் படித்தார், பாடப் புத்தகங்களை அக்காவுக்கு அனுப்புவார். இருபது வயது வாக்கில், சமையலறைத் தண்ணீரில் எண்ணெய்ப் பசை செய்யும் மாற்றத்தை அளக்க ஆக்னஸ் ஒரு கருவி செய்தார். 70 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம், 2 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு தகரத் தொட்டி. விளிம்புவரை தண்ணீர். குறுக்கே தண்ணீரைத் தொட்டபடி ஒரு தகரப் பட்டை. பட்டையை நகர்த்தினால் மேலே மிதக்கும் படலம் நெருக்கப்படும், விலக்கினால் விரியும். தண்ணீர்ப் பரப்பில் பட்டுக்கொண்டிருக்கும் சின்ன வட்டுத் தகட்டைத் தராசில் கட்டி, அதைப் பிடுங்க எவ்வளவு எடை தேவை என்று பார்த்து மேற்பரப்பு இழுவிசையைக் கணக்கிட்டார்.

அவர் கண்டுபிடித்தது இதுதான். படலம் விரிந்து கிடக்கும்வரை இழுவிசை மாறுவதில்லை. ஒரு குறிப்பிட்ட பரப்புக்குக் கீழே நெருக்கியதும் சட்டென்று விழுகிறது. மூலக்கூறுகள் தோளோடு தோள் உரசத் தொடங்கும் கணம் அது.

பத்தாண்டு போல இதைத் தன்னிடமே வைத்திருந்தவர், 1891 ஜனவரியில் ராலேக்கு ஜெர்மனில் ஒரு கடிதம் எழுதினார். ராலேயின் மனைவி அதை மொழிபெயர்த்தார். ராலே அதை நேச்சர் இதழுக்குப் பரிந்துரைத்து அனுப்ப, மார்ச் 12 இதழில் அச்சானது. பிற்பாடு அமெரிக்க வேதியியலாளர் லாங்மியூர் அந்தத் தொட்டியைச் செம்மைப்படுத்தினார். கோர்ட்டரும் கிரென்டெலும் லைடனில் சிவப்பணுக் கொழுப்பைப் பரப்பியதும் அந்த வம்சத் தொட்டியில்தான். 1932-இல் லாங்மியூருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு, எழுபது வயதான பாக்கெல்ஸுக்கு பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. மூன்று வருஷத்தில் அவர் இறந்துபோனார். இன்று அந்தப் பல்கலைக்கழகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று அவர் பெயரில் ஓர் ஆய்வுக்கூடம் நடக்கிறது.

நான் தங்கிய வீட்டுக்காரம்மாவுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். அது வெள்ளை அஸ்பராகஸ் பருவம். தோலைச் சீவி, தண்ணீரில் வேகவைத்து, உருளைக்கிழங்கோடு தட்டில் அடுக்கி மேலே உருக்கிய வெண்ணெய் ஊற்றினார். உப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. நம் நாக்குக்கு முதல் வாய் வெறுமையாகத் தெரிந்தது. நாலாவது வாயில் அதன் மெல்லிய கசப்பும் இனிப்பும் பிடிபட்டன.

அங்கே காலையில் என் தேங்காயெண்ணெய் பாட்டிலில் வெள்ளைக் கட்டியாக நின்றது. மேசைமேல் இருந்த அவருடைய சூரியகாந்தி எண்ணெய் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. சவ்வின் ரகசியத்தில் பாதி இந்த இரண்டு பாட்டில்களில் இருக்கிறது. தேங்காயெண்ணெயின் கொழுப்பு வால்கள் நேரானவை. குளிர்ந்தால் நெருங்கி அடுக்கிக்கொள்ளும். சூரியகாந்தியின் வால்களில் வளைவுகள் உண்டு, அடுக்க விடாது. குளிர் நீரில் வளரும் பாக்டீரியாவும் மீனும் தங்கள் சவ்வில் வளைந்த வால்களைக் கூட்டிக்கொள்கின்றன. சவ்வு உறைந்தால் அதிலுள்ள புரதம் நகராது, புரதம் நகராவிட்டால் செல் நடக்காது. 1970-இல் பால்டிமோரில் பிரை, எடிடின் இருவரும் எலியின் செல்லையும் மனிதச் செல்லையும் ஒன்றாக இணைத்து, இரண்டின் புரதங்களுக்கும் வெவ்வேறு நிறத்தில் ஒளிரும் குறி வைத்தார்கள். முதலில் பாதி பச்சை, பாதி சிவப்பு. உடல் வெப்பத்தில் நாற்பது நிமிஷத்தில் இரண்டும் கலந்துவிட்டன. குளிரவைத்தால் கலக்கவில்லை. புரதங்கள் சவ்வுக்குள் நீந்துகின்றன என்பதற்குக் கண்முன்னே கிடைத்த முதல் சாட்சி அது. இரண்டு ஆண்டில் சிங்கரும் நிக்கல்சனும் அதைக் கோட்பாடாகவே எழுதிவிட்டார்கள்.

கோட்டிங்கன்

என் மாணவி ரயில் நிலையத்துக்கே வந்திருந்தாள். ஊர் நடுவில் வாத்துப் பெண் சிலை உள்ள நீரூற்றைக் காட்டினாள். முனைவர் பட்டம் வாங்கியவர்கள் அதன்மேல் ஏறிச் சிலைக்கு முத்தம் கொடுக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். நாங்கள் போனபோது அலங்கரித்த கைவண்டியில் உட்காரவைத்து ஒரு பையனை இழுத்து வந்துகொண்டிருந்தார்கள், பின்னாலேயே பூங்கொத்தோடு அவனுடைய அம்மா.

இந்த ஊரின் மேட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில்தான் நேயரும் சாக்மனும் 1976-இல் உயிருள்ள செல்லின் சவ்வில் ஒற்றைப் புரதத்தின் வழியாக ஓடும் மின்னோட்டத்தை முதலில் அளந்தார்கள். தவளைத் தசையின் சவ்வில் கண்ணாடிக் குழாயின் நுனியை ஒட்டவைத்து, ஒரே ஒரு வாசல் திறப்பதையும் மூடுவதையும் பதிவு செய்தார்கள். ஒளியின் எல்லையைத் தாண்டிப் பார்க்கும் நுண்ணோக்கிக்காக 2014-இல் நோபல் பெற்ற ஷ்டெஃபான் ஹெல்லும் இங்கேதான்.

இருட்டறையில் அவள் கணினித் திரையைத் திருப்பினாள். நுண்ணோக்கியின் மேடை 37 டிகிரியில் இருந்தது. கறுப்புப் பின்னணியில் சில ஒளிப்புள்ளிகள்.

"இதோ, இந்தப் புள்ளியப் பாருங்க மேம். இது ஒரே ஒரு புரதம்."

"எதை நோக்கிப் போகுது?"

"எங்கயும் போகணும்னு அதுக்கு இல்ல. பக்கத்துக் கொழுப்பு இடிக்குது, தண்ணி இடிக்குது, அது ஆடுது. அரை நிமிஷம் பொறுங்க."

அரை நிமிஷத்தில் புள்ளி மூன்று மைக்ரோமீட்டர் விலகியிருந்தது. திரையில் அதன் பாதை சிக்கல் நூலாகக் கிடந்தது. இப்படி ஆடும் பொருள் பத்து மடங்கு தூரம் போக நூறு மடங்கு நேரம் பிடிக்கும். சுற்றியுள்ள கொழுப்பு மூலக்கூறுகளோ இன்னும் சுறுசுறுப்பு. பக்கத்து மூலக்கூறோடு வினாடிக்குக் கோடிமுறை இடம் மாற்றிக்கொள்கின்றன. ஆனால் மேலடுக்கிலிருந்து கீழடுக்குக்கு ஒரு மூலக்கூறு தானாகப் புரள நாள்கணக்கில் ஆகும். பக்கவாட்டில் அவ்வளவு சுதந்திரம், மேலும் கீழும் அவ்வளவு தடை.

ஸ்டோக்ஸ் தோற்கும் இடம் இதுதான். திரவத்தில் மிதக்கும் உருண்டை இரண்டு மடங்கு பெரிதானால் அதன் விரவும் வேகம் பாதியாகும் என்று வகுப்பில் சொல்வோம். தட்டையான, இரண்டே பரிமாணம் கொண்ட திரவத்தில் அந்தக் கணக்கைப் போட்டால் விடையே வராது. நகரும் வட்டின் பாதிப்பு எல்லையில்லாமல் பரவிக்கொண்டே போகும். 1975-இல் பிலிப் சாஃப்மனும் மாக்ஸ் டெல்புரூக்கும் வழி கண்டார்கள். சவ்வின் இருபுறமும் தண்ணீர் இருக்கிறது, அது அந்தப் பாதிப்பை வாங்கிக்கொள்கிறது. சவ்வின் பாகுத்தன்மை தண்ணீரைப் போல நூறு மடங்கு வாக்கில் இருப்பதால், வெகுதூரம் தள்ளித்தான் தண்ணீரின் தயவு தெரியும். அவர்களுடைய சமன்பாட்டில் புரதத்தின் அளவு மடக்கைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதனால் புரதம் இரண்டு மடங்கு பருத்தாலும் வேகம் கொஞ்சம்தான் குறையும்.

"இது சுத்தமான சவ்வுக்கு மேம். நிஜ செல்லோட சவ்வுல பாதி எடை புரதம்தான். நெருக்கத்துல இந்த ஃபார்முலா அப்படியே நிக்காது" என்றாள். ஜப்பானில் குசுமியின் குழு 25 மைக்ரோவினாடிக்கு ஒரு படம் வீதம் எடுத்தபோது, மூலக்கூறுகள் சின்னச் சின்ன அறைகளுக்குள் சுற்றிவிட்டு அடுத்த அறைக்குத் தாவுவது தெரிந்தது. சவ்வின் அடியில் ஓடும் ஆக்டின் இழைகளே வேலி. வேறு சில புரதங்களை அந்த இழைகள் ஆற்றல் செலவழித்துத் தள்ளிச் சிறு கூட்டங்களாகச் சேர்க்கின்றன என்று காட்டியவர்கள் பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் சத்யஜித் மேயரும் மதன் ராவும். எங்கள் ஊரிலிருந்து ஓர் இரவு ரயிலில் போய்விடக்கூடிய தூரத்தில் நடந்த வேலை, கோட்டிங்கனில் ஒரு மேசைமேல் அடிக்கோடிட்டுக் கிடந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது.

டெல்புரூக் முனைவர் பட்டம் பெற்றதும் இந்த ஊரில்தான், 1930-இல். பெர்லினில் அவருடைய சிறுவயது அண்டைவீட்டார் பான்ஹோஃபர் குடும்பம். அந்த வீட்டின் கார்ல் பிரீட்ரிக்தான் அவரை அறிவியல் பக்கம் திருப்பிய மூத்த நண்பர். கார்ல் பிரீட்ரிக்கின் தம்பிகள் கிளவுஸையும் டீட்ரிக்கையும் ஹிட்லர் அரசு 1945 ஏப்ரலில் கொன்றது. கிளவுஸின் மனைவி எம்மி, டெல்புரூக்கின் அக்கா. மேட்டில் உள்ள இந்த நிறுவனம் தொடங்கியபோது கார்ல் பிரீட்ரிக் பான்ஹோஃபரின் பெயரைத்தான் தாங்கி நின்றது.

அன்றிரவு அவள் வத்தக்குழம்பு வைத்தாள். சுண்டைக்காய் வற்றல் அவள் அம்மா கொடுத்தனுப்பியது.

பெர்லின், டாலெம்

தோட்டங்களும் பெரிய மரங்களும் உள்ள அமைதியான பகுதி டாலெம். ஓலைக்கூரை போட்ட சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தேன். தீல் அலேயில் வட்டக் கோபுரம் வைத்த ஒரு பழைய கட்டடம் நிற்கிறது. யுரேனியம் அணு பிளப்பது கண்டுபிடிக்கப்பட்டது இங்கேதான், 1938 டிசம்பரில். அதற்குச் சற்று முன்புவரை லீஸ மைட்னரின் உதவியாளராக இங்கே வேலை பார்த்தவர் டெல்புரூக்.

இதே பகுதியில் உள்ள சுதந்திரப் பல்கலைக்கழகத்துக்கு 1973-இல் வந்தவர் வோல்ஃப்காங் ஹெல்ஃப்ரிக். அதற்கு முன்பு பாசெலில் மார்ட்டின் ஷாட்டோடு சேர்ந்து, கைக்கடிகாரத்திலும் கால்குலேட்டரிலும் எண் காட்டும் திரவப்படிகத் திரையைக் கண்டுபிடித்தவர். திரவப்படிகத்தை வளைக்கும் கணக்கையே சவ்வின்மேல் போட்டுப் பார்த்தார். சவ்வை விரித்து நீட்டுவது கடினம், வளைப்பது சுலபம். வளைக்க ஆகும் ஆற்றல் வெப்பத்தின் தள்ளாட்டத்தைப் போல இருபது மடங்குதான். ஆகவே உடல் சூட்டிலேயே சவ்வு நடுங்கிக்கொண்டிருக்கும்.

என் மாணவியின் தோழி, இங்கே முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள், அதை என் ரத்தத்திலேயே காட்டினாள். விரல் நுனியில் குத்தி ஒரு துளி, உப்புக் கரைசலில் கலந்து, கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவே. நுண்ணோக்கியில் குவியம் சரியாகும்வரை சாம்பல் மூட்டம். பிறகு வட்டுகள், நடுவில் குழிந்து. ஒரே ஒரு அணுவைத் திரை முழுக்கப் பெரிதாக்கினாள். விளிம்பும் குழியும் ஓயாமல் மினுங்கின, ஒரு கணம் இருந்த வெளிச்சம் அடுத்த கணம் அங்கே இல்லை. வெளியிலிருந்து யாரும் அதை ஆட்டவில்லை. கூடவே கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டாள். சவ்வை உருண்டையாக மூட எவ்வளவு ஆற்றல் ஆகும் என்ற கணக்கு. வளைவுக்கு ஆரத்தின் வர்க்கம் கீழே வருகிறது, பரப்புக்கு அதே வர்க்கம் மேலே வருகிறது, இரண்டும் அடிபட்டுப் போகின்றன. நரம்பு நுனியில் உள்ள 40 நானோமீட்டர்ப் பைக்கும் கண்ணால் பார்க்கக்கூடிய பெரிய குமிழுக்கும் ஒரே செலவு. வகுப்பறையில் இதை ஒரு தடவையாவது எழுதிப் போட்டிருக்கலாமே என்று அந்தப் பலகை முன்னால் ஏங்கினேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் தட்டில் உள்ள அணுக்களின் ஓரம் முள்முள்ளாகிவிட்டது. கண்ணாடியின் காரத்தன்மையால் வருவது இது என்றாள். சவ்வின் வெளியடுக்கு உள்ளடுக்கைவிடக் கொஞ்சம் பரப்புக் கூடினாலே போதும், அந்த உபரியை வைக்க இடம் தேடி அது முள்ளாகப் புடைக்கும். 1974-இல் ஷீட்ஸும் சிங்கரும் சொன்ன விளக்கம். இரண்டு அடுக்கு என்பதை லைடனில் தொட்டி வைத்து அளந்தார்கள், இங்கே அதை நேரில் பார்த்தேன். அவள் கரைசலில் ஆல்புமின் என்ற புரதம் கொஞ்சம் சேர்த்துப் புதிய தட்டு தயார் செய்தாள். அதில் முட்கள் இல்லை, வட்டுகள் மறுபடி குழிந்து மினுங்கின. "இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கணுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பார்க்கணும் என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.